ரூட்டுடன் 11 வருஷம், ஜியன்ட்4உடன் 8: காரைக்குடியிலிருந்து ஒரு அனுபவம்

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். 2014 கடைசியில் துகள் இயற்பியல் தரவை அலசும் ரூட் என்ற மென்பொருளை மடிக்கணினியில் ஏற்றினேன். துகள்களின் ஓட்டத்தைக் கணிக்கும் ஜியன்ட்4 அதற்கு மூன்று வருஷம் கழித்து என்னிடம் வந்தது. நிரல் எழுதித் தரும் ஏஐ வீட்டுக்குள் நுழைந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. முதல் வாரப் பரவசத்தில் எழுதும் விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. இது பழகிச் சலித்து, மறுபடி பழகியவன் எழுதுவது.

முதலில் ரூட். 1990களின் நடுவில் ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் ரெனே பிரனும் ஃபான்ஸ் ராடமேக்கர்ஸும் தொடங்கியது. துகள் மோதல் தரவைச் சேமிக்கவும், அலசவும், படம் போடவும் ஒரே பெட்டி. நான் பழகியது ஐந்தாம் பதிப்பில். அதில் புள்ளி போட வேண்டிய இடத்தில் அம்புக்குறி போட்டாலும் கண்டுகொள்ளாமல் ஓடிவிடும். ஆறாம் பதிப்பில் நிரலைப் படித்து ஓட்ட கிளிங் என்ற புதுக் கருவி வந்தது, அது அசல் சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியின் இலக்கணம் பார்க்கிறது. என் பழைய மேக்ரோக்களில் (ரூட்டுக்கு எழுதும் சின்ன நிரல்கள்) பாதி அன்றைக்கே படுத்துவிட்டன. ஆனால் அப்போது எழுதி வைத்த தரவுக் கோப்புகள் இன்றைக்கும் திறக்கின்றன. ஓடாமல் போனது என் எழுத்துதான். இந்த ஒரு குணத்துக்காகவே மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

பொறுக்க வேண்டியது கொஞ்சமில்லை. கோப்பைத் திறந்து ஒரு ஹிஸ்டோகிராமை (எந்த அளவு எத்தனை தடவை வந்தது என்று காட்டும் படம்) எடுத்து வைத்துக்கொண்டு கோப்பை மூடினால், ஹிஸ்டோகிராமும் கூடவே போய்விடும். அது கோப்பின் சொத்தாம், நம்முடையது இல்லையாம். செட்டைரக்டரி(0) என்று ஒரு வரி எழுதிப் பிரித்து வாங்க வேண்டும். பாகப்பிரிவினை மாதிரி. ஒவ்வொரு வருஷமும் முதல் மாதத்தில் ஒரு மாணவராவது "சார், படம் காணோம்" என்று வருவார்.

அப்புறம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை 5 வரை. என் மடிக்கணினியின் பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்கும். ஒருமுறை தேதியை மறந்து, இரவெல்லாம் ஓடி முடியாத சிமுலேஷன் மொத்தமும் போயிற்று. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஆத்தா, "கரண்டு போனதுக்கா இப்படி இருக்கே?" என்றார். கோப்பு சரியாக மூடப்படாவிட்டால் ரூட் தானாக மீட்கப் பார்க்கும், உண்மைதான். ஆனால் இடையிடையே சேமிக்கச் சொல்லியிருந்தால்தான் மீட்க ஏதாவது இருக்கும். இப்போது 10,000 நிகழ்வுக்கு (சிமுலேஷனில் ஒரு துகளின் பயணம் ஒரு நிகழ்வு) ஒருமுறை ஆட்டோசேவ் வைத்திருக்கிறேன். அதன் பிறகு ஒரு இரவு முழுதாக வீணானதில்லை.

ஜியன்ட்4தான் எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது. பொருளுக்குள் துகள் எப்படிப் பாயும், எங்கே ஆற்றலை விடும் என்பதைக் கணிக்கும் மென்பொருள் அது. 1998இல் முதல் பதிப்பு வந்தது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழைய சோடியம் அயோடைடு டிடெக்டர் இருக்கிறது. சீசியம்-137 வைத்து 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) காமாக் கதிரை அளப்போம். அதையே சிமுலேஷனில் செய்தேன். ஆற்றல் படத்தில் 662இல் வந்த உச்சி ஊசி மாதிரி நின்றது. அசல் டிடெக்டரில் அது சட்டியைக் கவிழ்த்த மாதிரி அகலமாக இருக்கும். டிடெக்டரின் மங்கலை ஜியன்ட்4 தானாகப் போடாது, நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். உச்சி பொருந்தியது, 477இல் காம்ப்டன் விளிம்பும் (காமா ஒரு எலக்ட்ரானில் மோதிச் சிதறும்போது விடக்கூடிய அதிகபட்ச ஆற்றல்) பொருந்தியது.

ஆனால் அளந்த படத்தில் 184 அருகே ஒரு திமில் இருந்தது. சிமுலேஷனில் அந்த இடம் சமமாகக் கிடந்தது. எந்த இயற்பியல் விதிகளைப் பயன்படுத்துவது என்று ஜியன்ட்4க்குச் சொல்லும் இயற்பியல் பட்டியலை இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் மதியம், வீட்டு முகப்பில்தான் நெட் கிடைக்கும் என்பதால் அங்கே உட்கார்ந்திருந்தேன். முட்டைச் சுண்ணாம்பு பூசிய அந்தச் சுவர் வைஃபையை உள்ளே விடுவதில்லை. சுவரைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: சிமுலேஷனில் நான் சுவரே வைக்கவில்லை. டிடெக்டர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. காமா சுவரில் பட்டுத் திரும்பி வந்தால்தானே அந்தத் திமில்? ஆய்வகத்தின் நாலு சுவரையும் மேசையையும் வரைந்து ஓடவிட்டேன். திமில் வந்து உட்கார்ந்தது.

எங்கள் ஐயா இளவயதில் மலாயாவில் லேவாதேவிக் கடையில் கணக்கு எழுதியவர். ஐந்தொகையில் ஒரு காசு இடித்தால் இராத்திரி தூங்க மாட்டாராம். விட்டுப்போன பற்று தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ஜியன்ட்4இல் கணக்கு இடிக்காது. சுவர் இல்லாத உலகத்துக்கும் அது அழகாக விடை தரும். நியூட்ரானிலும் இதே கதைதான். 20 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே வேலை என்றால், பெயரில் ஹெச்பி (ஹை பிரிசிஷன், அதிநுட்பம்) சேர்ந்த இயற்பியல் பட்டியலை எடுங்கள். எடுக்காவிட்டாலும் எண்கள் வரும், அதுதான் சிக்கல்.

இப்போது ஏஐ. இந்தத் துறைக்கு இது புதிதல்ல. 2014இல் கேகிள் என்ற தரவுப் போட்டித் தளத்தில், ஹிக்ஸ் துகளின் தடயத்தைத் தரவில் தேடும் போட்டியில் 1,785 அணிகள் மோதின, எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் நூலகம் பிரபலமானதே அதற்குப் பிறகுதான். அந்தத் தரவின் 2,50,000 மோதல் நிகழ்வுகளை வகுப்பில் பயன்படுத்துகிறேன். போன வருஷம் அதைத் தயார் செய்யும் நிரலை ஏஐயிடம் கேட்டேன். அரை நிமிஷத்தில் பளிச்சென்று வந்தது, ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது, மாடலும் சுமாராகத் தேறியது. ஏதோ தோன்றி ஒரு நெடுவரிசையின் சராசரியை அச்சிட்டுப் பார்த்தேன். ஹிக்ஸ் நிறையின் மதிப்பீடு அது. சராசரி மைனஸ் 49. நிறை எப்படி மைனஸில் போகும்? கணக்கிட முடியாத இடங்களில் மைனஸ் 999 என்று குறித்திருப்பார்கள், அந்த நெடுவரிசையில் அப்படி 15 சதவீதம். ஏஐ அதையும் அளவு என்று நம்பிச் சேர்த்துவிட்டது. ரூட்டில் இல்லவே இல்லாத செயற்கூறுகளைத் தைரியமாக எழுதித் தருவதும் உண்டு. அது பரவாயில்லை, ஓடாது, உடனே மாட்டிக்கொள்ளும். ஓடுகிற தப்புக்குத்தான் பயப்படுகிறேன். படம் போடவும் பழைய ஃபோர்ட்ரான் மொழி நிரல்களைப் படித்துச் சொல்லவும் ஏஐ கெட்டிக்காரன், அந்த வேலையை இப்போது அதனிடமே விட்டுவிட்டேன்.

வாங்குவதற்கு எதுவும் இல்லை, ரூட்டும் ஜியன்ட்4உம் இலவசம். லினக்ஸ் போட்ட 8 ஜிபி மடிக்கணினி போதும். செர்ன் திறந்த தரவுத் தளத்தில் சிஎம்எஸ் என்ற செர்ன் சோதனையின் மியூவான் (எலக்ட்ரானின் கனத்த உறவுக்காரத் துகள்) கோப்பு ஒன்று இருக்கிறது. 2012இல் எடுத்தது, 6 கோடி நிகழ்வுகள், 2 ஜிபிக்கு மேல். முகப்பில் வைத்து ராத்திரி இறக்கிக்கொள்ளுங்கள். ரூட்டின் ஆர்டேட்டாஃப்ரேம் கருவியில் இருபது வரி எழுதினால் 91 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் இசட் துகள் எழும்பி நிற்கும். பைத்தான் மட்டும் தெரிந்தவர்கள், ரூட் கோப்பைப் பைத்தானிலேயே படிக்கும் அப்ரூட் நூலகத்தோடு தொடங்கலாம், சண்டை குறைவு.

எங்கள் சிமுலேஷனில் இன்னும் ஒன்று பாக்கி. அளந்த படத்தில் 1461இல் ஒரு சின்ன உச்சி தெரிகிறது, சுவருக்குள்ளேயே இருக்கும் பொட்டாசியம்-40 விடுவது. சுவரை வைத்தேனே தவிர, அதற்குள் பொட்டாசியத்தை வைக்கவில்லை. ஒரு மாணவி சேர்த்து முடித்துவிட்டாள். சுவரிலிருந்து கிளம்பும் காமாவில் டிடெக்டரைத் தொடுவது மிகச் சொற்பம் என்பதால் முழு இரவு ஓட வேண்டும். திங்கட்கிழமை மின்தடையாம். செவ்வாய் இரவு ஓடவிடுகிறோம்.