எண்ணா, முகமா?
"வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. இப்போது எவ்வளவு?" வலியை அளக்கும் எண் அளவுகோல் இவ்வளவுதான். தாள்கூட வேண்டாம், போனிலேயே கேட்கலாம். மருந்துக்குப் பிறகு 8 என்பது 4 ஆனால் பலன் பளிச்சென்று தெரியும்.

சரி, நான்கு வயதுக் குழந்தையிடம்? அங்கே முகங்கள்தான். 1980களில் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் இருவரும் உருவாக்கிய அளவுகோலில் ஆறு முகங்கள். சிரிப்பில் தொடங்கிக் கண்ணீரில் முடியும். குழந்தை விரலால் தொட்டுக் காட்டிவிடும். சிக்கலும் அதில்தான்: வலி குறைவாக இருந்தாலும், ஊசிக்குப் பயந்த பிள்ளை அழும் முகத்தையே காட்டலாம். 2001இல் வந்த இன்னொரு முக அளவுகோலில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை.

பெரியவர்களுக்கு எண்ணே போதும் என்பேன். எண்ணில் தடுமாறும் பாட்டியிடம் மட்டும் படத்தை நீட்டலாம், "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று முறைத்தாலும்.