படுக்கை தருகிற சேவையும் சாவி தருகிற சேவையும்: உள்ளே இருந்து பார்த்தவனின் மதிப்பீடு

நான்கு வருடம் ஓர் இரவுக் காப்பகத்தில் தன்னார்வலராக இருந்தேன். அப்புறம் இரண்டு வருடமாக, வீடில்லாதவர்களுக்கு நேராக வாடகை வீடே பிடித்துக் கொடுக்கிற ஒரு சேவையில் இருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். இரண்டு இடத்திலும் மனசாட்சியோடுதான் வேலை செய்கிறார்கள், அதில் குறை இல்லை. ஆனாலும் ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் காப்பகத்துக்கு இரண்டு, இதற்கு நான்கு.

காப்பகம் சுத்தமாகத்தான் இருந்தது. மாலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும், காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட வேண்டும், மழையோ காய்ச்சலோ ஆறு என்றால் ஆறுதான். அங்கே ஒரு பெரியவர் வருவார். செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டு, பையைத் தலைக்கு வைத்து, அதன் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டுதான் படுப்பார். யாராவது எழுந்து நடந்தால் உடனே கண்ணைத் திறந்துவிடுவார். இப்படி வருடக்கணக்கில் அரைத்தூக்கம் தூங்குகிற மனிதரிடம் போய், முதலில் குடியை விடுங்கள், மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள், பிறகு வீட்டுக்குப் பெயர் எழுதிக்கொள்கிறோம் என்று சொல்வதுதான் அங்கே நடைமுறை. நானும் சொல்லியிருக்கிறேன். அது தப்பு.

இப்போது இருக்கிற சேவை 'முதலில் வீடு' என்கிற முறையில் நடக்கிறது. 1992ல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த முறை இது. வருமானத்தில் ஒரு பங்கை வாடகையாகக் கட்ட வேண்டும், ஊழியர் அடிக்கடி வந்து பார்ப்பதற்குச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். குடியை விட்டால்தான் வீடு என்ற பேச்சே கிடையாது. வீட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்று எனக்கும் பயம் இருந்தது. கனடா அரசு 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. யாருக்கு இந்த முறை, யாருக்கு வழக்கமான உதவி என்பதைக் குலுக்கல் மாதிரி பிரித்தார்கள். கடைசி ஆறு மாதமும் தொடர்ந்து வீட்டில் இருந்தவர்கள் இந்த முறையில் 62 சதவீதம், வழக்கமான உதவியில் 31. குடி, போதை விஷயத்தில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பெரியவருக்கே எங்கள் சேவை மூலம் ஓர் ஒற்றை அறை வீடு கிடைத்தது. முதல் மூன்று வாரம் மெத்தையைத் தொடவில்லை, கதவை ஒட்டித் தரையில் பையோடு படுத்தார். நான்காவது வாரம் போனேன், பை சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் நேராக உள்ளே நுழைந்துவிட்டேன். "தம்பி, கதவைத் தட்டிட்டு வாங்க" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

சரி, ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது? பணம் வருகிற விதம். வாடகை உதவி அரசிடமிருந்து வருகிறது, அந்தக் காகித வேலையே பதினோரு வாரம் இழுத்தது. நன்கொடை தருபவர்களோ கட்டடம், கட்டில், போர்வை என்றால் உடனே தருகிறார்கள். முன்பணம், கதவுக்கு நல்ல பூட்டு, வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஊழியரின் சம்பளம் என்று கேட்டால் யோசிக்கிறார்கள். ஒருவர் பத்துப் பேரைப் பார்க்க வேண்டிய இடத்தில் எங்களிடம் இருபத்து மூன்று பேரைப் பார்க்கிறார்.

அரசுப் பணம், நன்கொடை இரண்டும் சரியாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்துதான் உதாரணம். அங்கே 1985லேயே 'ஒய்' (Y-Foundation) என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, சாதாரண அடுக்குமாடிகளில் வீடு வாங்கி, வீடற்றவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். 2008ல் அரசு தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. ஹெல்சின்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பெரிய விடுதியையே தனித்தனி வீடுகளாக மாற்றி, ஒவ்வொருவருக்கும் வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்கள். 1980களின் கடைசியில் 15,000க்கும் மேல் இருந்த வீடற்றவர்கள் எண்ணிக்கை 2023ல் 3,429. ஆனால் வீட்டு உதவித்தொகையை அரசு வெட்டிய 2024ல் அது 3,806 ஆக ஏறிவிட்டது. தொண்டு நிறுவனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மாதாமாதம் வாடகை கட்டுகிற கை பின்வாங்கினால் தாங்காது.

அமெரிக்காவிலும் இதுதான் கதை. 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடில்லாதவர்கள் 7,71,480 பேர். 'முதலில் வீடு' முறை தோற்றுவிட்டது என்பதற்கு அதைக் காட்டுகிறார்கள். ஆனால் அதே நாட்டில், வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டுகிற உதவிச் சீட்டும் வந்து பார்க்கிற ஊழியரும் சேர்த்தே கொடுத்த முன்னாள் படைவீரர்களிடையே வீடின்மை 2010ஐ விடப் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. மற்றவர்களுக்கு வாடகை ஏறுகிற வேகத்துக்கு வீடும் இல்லை, உதவியும் இல்லை. மெக்ஆர்தர் அறக்கட்டளை 2021ல் வீடின்மையை ஒழிக்க வேலை செய்கிற கம்யூனிட்டி சொல்யூஷன்ஸ் அமைப்புக்கு 10 கோடி டாலர் கொடுத்தது. அவர்கள் வற்புறுத்துவது பெயர்ப் பட்டியல்: ஊரில் வீடில்லாத ஒவ்வொருவரையும் பெயரோடு தெரிந்து வைத்துக்கொண்டு, பட்டியலை விடாமல் புதுப்பிப்பது. தொண்டுப் பணம் இப்படிப்பட்ட வேலைக்குப் போவதைப் பார்க்கும்போது நிம்மதியாக இருக்கிறது.

இப்படி ஒரு சேவைக்குப் பணமோ நேரமோ கொடுக்க நினைப்பவர்கள், போன வருடம் எத்தனை பேர் கையில் சாவி கொடுத்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். எங்கள் இடத்தில் பட்டியலை எடுத்து எண்ணிச் சொல்வார்கள். பழைய காப்பகத்தில் எத்தனை படுக்கை, எத்தனை இரவு என்ற கணக்குதான் இருந்தது.