அம்மாவின் இன்சுலின் கண் சொட்டு: 7 மாத அனுபவம்

அம்மாவுக்கு நெற்றியில் வந்த அக்கி ஆறிவிட்டது, வலது கருவிழியில் விழுந்த புண் ஆறவில்லை. நரம்பு கெட்டுப்போனதால் அங்கே உணர்ச்சியே இல்லை. புண் இருக்கும், வலிக்காது. வேறு மருந்துகள் கேட்காமல் போனபிறகு கோயமுத்தூர் டாக்டர் இன்சுலின் சொட்டு எழுதினார். கருவிழியின் மேல்தோல் வளர அது உதவும். ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே கலந்து தருகிறார்கள். மில்லிக்கு 1 யூனிட், தினம் 4 வேளை.

முதல் பாட்டிலை நான்தான் வீணாக்கினேன். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொன்னதை, குளிர்ச்சி கூடினால் நல்லது என்று புரிந்துகொண்டு ஐஸ் பெட்டிக்கு அடியிலேயே வைத்தேன். காலையில் கல்லாக உறைந்திருந்தது. உருகியதும் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியவில்லை. "தண்ணியாட்டத் தெளிவாத்தானே இருக்குது, எதுக்கு அம்மிணி வீசறே?" என்றார் அம்மா.

மருந்தாளரைக் கூப்பிட்டேன். "உறைஞ்ச மருந்தைக் கண்ணுக்கு ஊத்த வேண்டாமுங்க, கெட்டுப்போச்சான்னு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதுங்க" என்றார். இன்சுலின் ஒரு புரதம். உறைந்தாலும் சூடேறினாலும் போட்டுக் குலுக்கினாலும் உருக்குலையும். கலங்கியிருந்தால் கெட்டது நிச்சயம். தெளிவாக இருப்பதால் மட்டும் நல்லது என்றாகிவிடாது. இவ்வளவு நீர்த்த மருந்தில் கொஞ்சம் பாட்டில் சுவரிலும் ஒட்டிக்கொள்ளுமாம். இது எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. மருந்து கெட்டாலும் சொல்லாது, அம்மாவின் கண்ணும் சொல்லாது.

அதிலிருந்து நடுத்தட்டில் ஒரு டப்பா, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடேறும். சித்திரை வெயிலில் கரண்ட் போனால் வீட்டில் யாரும் ஃபிரிட்ஜைத் தொடுவதில்லை. கோயமுத்தூரிலிருந்து காங்கேயம் வர பஸ்ஸில் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அகல வாய் ஃபிளாஸ்கில் ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி, அதன்மேல் படாமல் பாட்டிலை வைத்துக் கொண்டுவருவேன். லேபிளில் போட்ட ஒரு மாதத் தேதி முடிந்தால், பாதி மிச்சமிருந்தாலும் வீசிவிடுவேன்.

பக்கத்து வீட்டு அப்பாரு, தான் ஊசி போட்டுக்கொள்ளும் இன்சுலினையே விடலாமே என்று அக்கறையாகக் கேட்டார். அது மில்லிக்கு 40 யூனிட். கண்ணுக்கான மருந்தைக் கிருமி படாமல் கலக்கவும் வேண்டும். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

நான்காம் மாதம் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது, புண்ணைக் காட்டிப் பச்சையாக மின்னிய இடம் முழுதாக மறைந்திருந்தது. இப்போது 2 வேளைதான்.

போன வாரம் சொட்டு விழுந்ததும் "சில்லுனு இருக்குது அம்மிணி" என்றார் அம்மா. இமையில் பட்டதா, கருவிழியிலா என்று அடுத்தமுறை டாக்டரிடம் கேட்க வேண்டும்.