கழிச்சலை நிறுத்தி வைத்து என்னிடம் விற்ற மாடு

கறவை மாடு வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

சென்ற ஐப்பசியில், பண்ணையைக் கலைக்கிறேன் என்று சொன்ன ஒருவரிடம் கலப்பின ஜெர்சி மாடு ஒன்றை 78,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டாம் ஈத்துக்கு நிறைசினை. பல் பார்த்தேன், மடி பார்த்தேன், நடக்கவிட்டுப் பார்த்தேன். சாணியும் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் அதே கொட்டகையில் இன்னும் இரண்டு மாடுகளுக்கு வாலிலும் பின்தொடையிலும் சாணி அப்பிக் காய்ந்திருந்தது. கேட்டேன். "மழைப்புல் தின்றால் இளகத்தான் செய்யும், தம்பி" என்றார். நம்பினேன்.

கன்று ஈன்ற மூன்றாம் வாரம் கழிச்சல் தொடங்கியது. தண்ணீராகப் பீய்ச்சியடித்தது. ஆனால் காய்ச்சல் இல்லை, தீனியும் குறையவில்லை. குடற்புழு மருந்து கொடுத்தோம், ஊசி போட்டோம். நான்கு நாள் நிற்கும், மறுபடி ஊற்றும். பத்து லிட்டர் கறந்த மாடு மூன்று லிட்டருக்கு இறங்கியது. தொட்டியில் வைத்ததையெல்லாம் தின்றுகொண்டே விலா எலும்பு தெரிய இளைத்தது. இரண்டு மாதத்தில் தாடைக்கடியில் பை போல வீக்கம் தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் கால்நடை மருத்துவர் ரத்தமும், ஆசனவாயின் உள்பக்கம் சுரண்டி எடுத்த மாதிரியும் ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஜோனிஸ் நோய் என்று முடிவு வந்தது.

காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவால் வருவது இது. 1895-இல் ஜெர்மனியில் இதை விவரித்த ஜோனே என்பவரின் பெயரால் அழைக்கிறார்கள். குடல் சுவர் தடித்து மடிப்பு மடிப்பாகிவிடும். தின்ற சத்து உடம்பில் ஒட்டாது, இருக்கும் புரதமும் குடல் வழியே போய்விடும். தாடை வீக்கம் அதனால்தான். குணமாக்கும் மருந்து கிடையாது.

விற்றவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "என்னிடம் நன்றாகத்தான் இருந்தது, உங்கள் தீவனம் சரியில்லை" என்றார். இந்த இடத்தில்தான் என்னைப் போன்றவர்கள் வாயடைத்துப் போகிறோம். மருத்துவர் சொன்னதைக் கேளுங்கள்: இந்தக் கிருமி பெரும்பாலும் கன்றுப் பருவத்திலேயே, சாணி பட்ட காம்பிலும் சீம்பாலிலும் தண்ணீரிலும் உடம்புக்குள் போகிறது. வெளியே தெரிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள், சில மாடுகளில் அதற்கு மேலும் ஆகும். ஈற்று, அலைச்சல் போன்ற அயர்ச்சி வரும்போது வெடிக்கும். மூன்று மாதம் நான் போட்ட தீவனத்தில் வந்த நோயல்ல இது.

பிறகு அந்தப் பண்ணையில் வேலை பார்த்த ஒருவரே என்னிடம் சொன்னார். நான் பார்க்கப் போவதற்கு முன்பு மூன்று நாட்கள் கழிச்சலை நிறுத்த அந்த மாட்டுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். முந்தைய ஆண்டு அங்கே இரண்டு மாடுகள் இதே மாதிரி கழிந்து கழிந்து இளைத்துச் செத்திருக்கின்றன. தெரிந்தேதான் என் தலையில் கட்டியிருக்கிறார். எனக்கு ஆறவே இல்லை.

ஒரு தரகர் வந்தார். "நான்கு நாள் கழிச்சல் நிற்கட்டும், வேறு சந்தையில் தள்ளிவிடுகிறேன், பாதிப் பணமாவது வரும்" என்றார். என்னிடம் அந்த மாடு வந்து சேர்ந்த வழியும் அதுதானே. மாட்டேன் என்றேன். தையில் அது செத்தது. ஆழக் குழி வெட்டிப் புதைத்தோம்.

நீங்கள் வாங்கும்போது விலை பேசும் மாட்டை மட்டும் பார்க்காதீர்கள், கொட்டகையில் நிற்கும் எல்லா மாடுகளின் பின்புறத்தையும் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாம் முறையும் போங்கள். இளைத்துச் செத்த மாடு உண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ரத்தப் பரிசோதனை கேளுங்கள், ஆனால் அதில் நோயில்லை என்று வந்தாலும் முழுதாக நம்பிவிட முடியாது. தொடக்க நிலையில் பரிசோதனைக்குப் பிடிபடாமல் போவதுண்டு. ஆடு வாங்குகிறவர்களும் கவனியுங்கள், ஆடுகளில் பலமுறை கழிச்சலே இருக்காது, இளைப்பு மட்டும்தான்.

அந்த மாட்டின் சாணியை எருக்குழியில் போட்டு, தீவனப்புல் வயலுக்கும் இறைத்திருந்தேன். மண்ணில் அந்தக் கிருமி ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்குமாம். அந்தப் புல்லைக் கன்றுகளுக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன். அது ஈன்ற கிடேரிக்கு இப்போது ஏழு மாதம். பளபளவென்று இருக்கிறது. போன வாரம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் விலைக்குக் கேட்டார். அதன் தாய் எப்படிச் செத்தது என்று முழுவதும் சொல்லி, கொடுக்க முடியாது என்றேன்.