மூக்கடைப்பு இரவுகள்: மல்லாந்தா, ஒருக்களித்தா, சாய்ந்தா?

ஐப்பசி பிறந்து கடலூரில் மழை பிடித்துக்கொண்டால், திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் யாருக்காவது மூக்கு அடைத்துக்கொள்ளும். போன மழைக்கு என் முறை. பகலெல்லாம் ஓரளவு மூச்சு விட்டவன், பாயில் மல்லாந்ததுமே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன்.

மல்லாந்து படுப்பதுதான் இருப்பதிலேயே மோசம். நிற்கும்போது தலையிலிருந்து எளிதாக இறங்கும் ரத்தம், படுத்தால் மூக்கின் உள்மடிப்புகளில் தேங்குகிறது. அவை நனைந்த பஞ்சுபோல் உப்பி வழியை அடைக்கின்றன. எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறக்காமல் போவது இதனால்தான். போதாததற்குச் சளி தொண்டைக்குள் வழிந்து இருமலையும் கிளப்பும். குப்புறப் படுப்பதும் உதவாது, கழுத்துவலிதான் மிச்சம்.

ஒருக்களித்தால் கீழ்ப்பக்க நாசி அடையும், மேல்பக்கம் மெல்லத் திறக்கும். அக்குளும் விலாவும் அழுந்துவதற்கும் இதில் பங்குண்டு. யோகிகள் யோக தண்டத்தைக் கக்கத்தில் ஊன்றி மூச்சை மறுபக்கம் மாற்றியது இதை அறிந்துதான். "சாப்பிட்டதும் இடக்கை கீழே இருக்கப் படு, வலது மூக்கில் மூச்சு ஓடும்" என்று எங்கள் ஆயா சொல்வார்; அதில் உண்மை இருக்கிறது.

முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளான சைனஸ்களில் நீர் வடிவதற்கும் இந்தப் பக்கக் கணக்கு முக்கியம். கன்ன எலும்புக்குள் இருக்கும் அறையின் வாசல், மூக்கை ஒட்டிய சுவரில் உச்சியில் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் சளி அடியில் தேங்கும். நுண்ணிய மயிரிழைகள்தாம் அதை மேலே தள்ளி வெளியேற்ற வேண்டும். சளி பிடித்த நாளில் அவையும் சோர்ந்துபோகும். வலிக்கும் கன்னம் மேலே இருக்கும்படி படுத்தால் வாசல் கீழ்ப்பக்கம் வந்துவிடுகிறது. நெற்றி சைனஸுக்கோ வழி அடியில். அங்கே வலித்தால் நிமிர்ந்து உட்காருவதே நல்லது.

சாய்ந்து படுப்பதில் பலரும் செய்யும் தவறு, கழுத்துக்கு மட்டும் இரண்டு தலையணை வைப்பது. தாடை மார்பில் இடிக்கும், மூச்சு இன்னும் சிரமப்படும். நான் ஜமுக்காளத்தை மடித்துத் தோள்பட்டைக்கு அடியிலிருந்தே மேடு கட்டி, வலித்த வலது கன்னம் மேலே இருக்க ஒருக்களித்தேன். சற்று நேரத்தில் வலது மூக்கினுள் சன்னமாக ஒரு விசில். பிறகு காற்று புகுந்தது. ஓதமேறிய சுவரின் சுண்ணாம்பு வாசனை அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரவுக்கு என் தேர்வு இந்தக் கூட்டு முறைதான்.

நொச்சி போட்டு ஆவி பிடிப்பது சளியை இளக்கும். ஆனால் குனிந்த நிலையில் சைனஸ் வலி விண்ணென்று தெறிக்கும், ஆகவே சிறிது நேரம் போதும். கொதிநீர்ப் பாத்திரத்தருகே பிள்ளைகளை விடாதீர்கள்.

இந்த மேடு கட்டும் முறை ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது. தலையணையின்றி, சமமான படுக்கையில் மல்லாத்தித்தான் தூங்கவைக்க வேண்டும். பெரியவர்களுக்கும் கண்ணைச் சுற்றி வீக்கமோ, கடும் தலைவலியுடன் காய்ச்சலோ வந்தால் படுக்கையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.