இளையோர் நாவல் செய்திகளுக்கு எந்தத் தளம்? கொழும்பு வாசகருக்கான மதிப்புரை

ஆங்கில இளையோர் நாவல்கள் வழக்கமாக அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை வெளிவரும், பிரித்தானியாவில் வியாழக்கிழமை. கொழும்புக் கடைகளுக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது பிரித்தானியப் பதிப்பு, இல்லாவிட்டால் ‘இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்ற குறிப்போடு வரும் பதிப்பு. ஆனால் இணையத்தில் பெயர்பெற்ற மதிப்புரைத் தளங்கள் அநேகமாக அமெரிக்கச் செவ்வாயை வைத்தே நாள் சொல்கின்றன. புத்தகம் வந்துவிட்டதென்று நம்பி காலி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, வெறுங்கையோடு வீடு திரும்புவது இப்படித்தான் நடக்கிறது. ஆகவே இங்கே ஒவ்வொரு சேவையையும் முதலில் இந்த ஒரு கேள்வியில் நிறுத்திப் பார்த்திருக்கிறோம்: அது சொல்லும் திகதியும் வயதும் கொழும்புக்குப் பொருந்துமா?

வாசகர்கள் நூல்களைப் பட்டியலிட்டு நட்சத்திரமும் மதிப்புரையும் போடும் குட்ரீட்ஸ் தளம் 2007இல் தொடங்கியது, 2013இல் அமேசன் வாங்கியது. எல்லோரும் அங்கே இருப்பதால் நாமும் இருக்கிறோம் என்பதுதான் அதன் பெரிய பலம். இளையோர் நாவல் எதுவானாலும், வெளிவர மாதக்கணக்கு இருக்கும்போதே அதற்கொரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தில் தெரியும் திகதியை மட்டும் உடனே நம்பக்கூடாது. அங்கே முகப்பில் நிற்பது ஏதோ ஒரு பதிப்பு, அநேகமாக அமெரிக்கக் கெட்டி அட்டை. ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைத் திறந்து கீழே போனால் பிரித்தானியப் பதிப்பகத்தின் பெயர், அதன் திகதி, பக்க எண்ணிக்கை, நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எல்லாம் தனியாக இருக்கும். ‘வாசிக்க வேண்டியவை’ அடுக்கில் சேர்க்கும்போது அந்தப் பதிப்பையே தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் பிறகு குழப்பமில்லை. சில நூல்களுக்குத் தலைப்பே வேறு. பிலிப் புல்மனின் ‘நோர்தர்ன் லைட்ஸ்’ அமெரிக்காவில் ‘த கோல்டன் கொம்பஸ்’ என்று வந்தது. இதை அறியாமல் இரண்டையும் வாங்கியவர்கள் உண்டு. பெரிய பெயர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை குறைவு. ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் ஐந்தாவது நூல் 2025 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை, இரண்டு நாடுகளிலும் ஒரே நாளில் வந்தது.

இன்னொரு வித்தியாசம் நேரே பணப்பையைத் தொடுகிறது. அமெரிக்காவில் இளையோர் நாவல் முதலில் கெட்டி அட்டையில் வரும், மெல்லட்டைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் பல இளையோர் நாவல்கள் முதல் நாளே 129க்கு 198 மில்லிமீற்றர் அளவு மெல்லட்டையாக வந்துவிடும். அமெரிக்க விலையைப் பார்த்துக் கைவிட்ட புத்தகம், பிரித்தானியப் பதிப்பில் கைக்கு எட்டும் விலையில் இருக்கலாம்.

குட்ரீட்ஸின் நட்சத்திரங்களை எப்படி வாசிப்பது? அரை நட்சத்திரம் போட வழியில்லை, ஒன்றிலிருந்து ஐந்துவரை முழு எண்தான். மூன்றரை கொடுக்க நினைத்தவர் நான்கு போடுவார், சராசரி கொஞ்சம் உப்பும். தொடர் நாவல்களில் இது இன்னும் மோசம்: முதல் பாகம் பிடிக்காதவர் இரண்டாவதைத் தொடமாட்டார், மிஞ்சுவது இரசிகர்கள்தான். அதனால் மூன்றாம் பாகத்தின் 4.4ஐ வைத்து அந்தத் தொடரை எடைபோடாதீர்கள், முதல் பாகத்தின் 3.8தான் உண்மைக்கு நெருக்கம். வெளிவராத நூலுக்கும் அங்கே நட்சத்திரம் போடலாம் என்பது அடுத்த ஓட்டை. 2023 டிசெம்பரில் ஒரு புதுமுக எழுத்தாளர் போலிக் கணக்குகளைத் திறந்து மற்றப் புதுமுகங்களின் நூல்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டது அம்பலமாகி, அவருடைய சொந்த நூலையே பதிப்பகம் கைவிட்டது. வெளியீட்டுக்கு முந்திய சராசரியைக் கண்ணால் பார்க்கவே தேவையில்லை. வெளிவந்த பிறகு, இரண்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை வடிகட்டி வாசியுங்கள். ஐந்து போட்டவர் அழுதேன் என்பார், ஒன்று போட்டவர் கத்துவார். நடுவில் நிற்பவர்தான் கதை எங்கே தொய்கிறது என்று சொல்வார்.

‘இளையோர்’ என்ற முத்திரையிலும் கவனம் தேவை. குட்ரீட்ஸில் நூலின் வகை, வாசகர்கள் தங்கள் அடுக்குகளுக்கு வைத்த பெயர்களிலிருந்து வருகிறது. கதாநாயகிக்குப் பத்தொன்பது வயது, பின்னணி மாயலோகம் என்றால் போதும், பெரியவர்களுக்கான நாவலையும் ஆயிரம் பேர் இளையோர் அடுக்கில் போட்டுவிடுவார்கள். தரம் 8 பிள்ளைக்குப் பரிசு தேடும் சித்திக்கு இந்த முத்திரை துணைவராது.

அந்த இடத்தில்தான் ஸ்டோரிகிராஃப் வெல்கிறது. நாடியா ஒடுனாயோ உருவாக்கிய இந்தத் தளத்தில் கால் நட்சத்திரம் வரை போடலாம். மனநிலை, கதை ஓடும் வேகம் என்பவற்றை வாசகர்கள் குறிக்கிறார்கள். அவற்றையெல்லாம்விடப் பயன்படுவது உள்ளடக்க எச்சரிக்கைப் பகுதி. வன்முறை, தற்கொலை, போதைப்பொருள் என்று ஒவ்வொன்றும் நூலில் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், வெளிப்படையாகவா, மிதமாகவா, லேசாகவா என்று மூன்று படியாகப் பிரித்து, எத்தனை வாசகர்கள் அப்படிக் குறித்தார்கள் என்ற எண்ணிக்கையும் காட்டும். ‘வெளிப்படையாக’ என்று நாற்பது பேர், ‘லேசாக’ என்று இரண்டு பேர் என்றிருந்தால் யாரை நம்புவதென்று சொல்லத் தேவையில்லை. புதிதாக வந்த நூலுக்கு நான்கைந்து பேர்தான் குறித்திருப்பார்கள், அப்போது இதற்குப் பெறுமதி குறைவு. இரண்டு வாரம் பொறுப்பது நல்லது.

இலவசக் கணக்கே போதும். மாதம் 4.99 டொலர் கொடுத்துக் கூடுதல் வசதிகள் பெறலாம் என்றாலும் செய்தி அறிவதற்கு அது அவசியமில்லை.

குட்ரீட்ஸிலிருந்து இங்கே மாறும்போது தமிழ் வாசகர்கள் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. குட்ரீட்ஸை ஆப்பில் திறக்காமல் கணினி உலாவியில் திறந்து, உங்கள் புத்தகப் பக்கத்தின் இடப்பக்கம் கீழே உள்ள ‘இறக்குமதி, ஏற்றுமதி’ இணைப்பில் உங்கள் நூல் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாகத் தரவிறக்குங்கள். அதை எக்செலில் திறந்து பார்த்து, அப்படியே சேமித்துவிடாதீர்கள். இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது எக்செல் யூனிகோட்டைப் பலவேளை சரியாக இனங்காணாது. தமிழ்த் தலைப்புகள் எல்லாம் புரியாத குறிகளாக மாறும். ஐ.எஸ்.பி.என். எண்களின் முன்பூச்சியம் தொலையலாம், அல்லது 13 இலக்கங்கள் சுருங்கி அடுக்குக்குறி எண்ணாகலாம். அப்படிச் சேமித்த கோப்பை ஏற்றினால் சில நூல்கள் ‘கண்டுபிடிக்கப்படவில்லை’ என்று திரும்பி வரலாம். இறங்கிய கோப்பைத் தொடாமல் நேரே ஏற்றுங்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் கூகுள் ஷீட்ஸில் ஒரு பிரதியைத் திறவுங்கள்.

வாசகர் கருத்து போதாது, தொழில்முறை மதிப்புரை வேண்டும் என்பவருக்கு கேர்க்கஸ். 1933இலிருந்து நடக்கும் இதழ். மதிப்புரைகள் மிகச் சிறியவை, எழுதியவர் பெயர் அடியில் இராது, நூல் வெளிவருவதற்கு முன்பே இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். கடைசி வரியில் அடைப்புக்குள் நூல் வகையும் வயது எல்லையும் இருக்கும், 12 முதல் 18 வரை, 14 முதல் 18 வரை என்பதுபோல. கடைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரி. அருகில் தரும் வெளியீட்டுத் திகதியும் ஐ.எஸ்.பி.என்.னும் அமெரிக்கப் பதிப்புக்கு உரியவை என்பதை மறக்க வேண்டாம். ‘இண்டி’ என்று தனியாக வரும் பகுதி எழுத்தாளர் காசு கொடுத்துப் பெறும் மதிப்புரை. அதனால் பொய் என்றாகாது, ஆனால் வாசிக்கும்போது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கூல் லைப்ரரி ஜேர்னல் பாடசாலை நூலகர்களுக்காக எழுதப்படுவது. அங்கே வயதுக்குப் பதில் வகுப்பு இருக்கும். ‘9ஆம் வகுப்பும் மேலும்’ என்பதை நம்முடைய தரம் 9 என்று எடுத்தால் ஒரு வருடம் பிழைக்கும். அமெரிக்கப் பிள்ளை ஆறு வயதில் முதலாம் வகுப்புக்குப் போகும், நம் பிள்ளை ஐந்து முடிந்ததும் போய்விடும். ஆகவே அவர்களுடைய 9, இங்கே ஏறக்குறைய தரம் 10, அதாவது சாதாரண தரப் பாடத்திட்டம் தொடங்கும் வயது. ஆசிரியர்கள் பட்டியல் போடும்போது அடிக்கடி விடும் பிழை இது.

டிக்டொக்கில் நூல்களைப் பற்றிப் பேசும் புக்டொக் காணொளிகள் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. இந்தியாவில் 2020 ஜூனில் டிக்டொக்கைத் தடைசெய்தார்கள், எனவே இந்திய வாசகர்கள் இன்ஸ்டகிராமில் கதைக்கிறார்கள். இந்தியப் பதிப்பகங்களின் இளையோர் நூல்களைப் பற்றி அறிய அங்கேதான் போக வேண்டும். இரண்டு இடத்திலும் பேசப்படுவது பெரும்பாலும் நான்கு வருடம் பழைய நூல்கள், செய்தி என்று சொல்ல முடியாது. டேட்டாதான் கரையும்.

நெட்கேலி வெளிவராத நூல்களை மதிப்புரைக்காக மின்பிரதியாகக் கொடுக்கும் சேவை. இங்கிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் தொடர்ந்து மறுக்கப்படுவதற்கு முக்கிய காரணம் விற்பனை உரிமை. அமெரிக்கப் பதிப்பகத்துக்கு இலங்கையில் விற்கும் உரிமை இல்லையென்றால் இலவசப் பிரதி தருவதில் அதற்கு என்ன இலாபம்? பிரித்தானியப் பதிப்பகங்களிடம் கேட்டால் வாய்ப்பு கூடும்: ஹொட் கீ, எலெக்ட்ரிக் மங்கி, சிக்கன் ஹவுஸ், ரொக் த போட், வோக்கர் என்று தேடுங்கள். சுயவிவரத்தில் எந்த நாடு, எங்கே மதிப்புரை எழுதுகிறீர்கள் என்பதை நான்கு வரியில் எழுதி வையுங்கள். கிடைத்ததில் 80 வீதத்துக்கு மதிப்புரை அனுப்பியிருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்க்கும் அளவு. ஆசையில் இருபது நூலைக் கேட்டு மூன்றை வாசித்தால் கதவு தானாக மூடும்.

இவ்வளவையும் தினமும் பார்க்க யாருக்கு நேரம்? பல தளங்களின் புதுப்பதிவுகளை ‘ஊட்டங்களாக’ ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் ஃபீட்லி, இனோரீடர் இரண்டும் இதற்காகத்தான். ஃபீட்லியில் 100, இனோரீடரில் 150 ஊட்டங்கள் வரை இலவசம். தமிழ் எழுத்து இரண்டிலும் ஒழுங்காகத் தெரியும். இலவசக் கணக்குகளுக்குள் இனோரீடரே மேல்.

விருதுப் பட்டியல்களை நாள்காட்டியில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் சிறந்த இளையோர் நூலுக்கான பிரின்ட்ஸ் விருதை 2000இலிருந்து கொடுக்கிறது. அறிவிப்பு வழக்கமாக ஜனவரிக் கடைசியில், திங்கட்கிழமை. அங்கே காலை என்றால் இங்கே மாலை, குளிர்காலத்தில் நியூயோர்க்குக்கும் கொழும்புக்கும் பத்தரை மணி வித்தியாசம். இளையோர் நாவல் புதுமுகங்களுக்கான மொரிஸ் விருதின் ஐந்து பேர் பட்டியல் டிசெம்பரிலேயே வந்துவிடும். நமக்கு அதிகம் உதவுவது பிரித்தானியாவின் சிறுவர், இளையோர் நூல் விருதான கார்னகி. ஜூனில் அறிவிக்கிறார்கள், முந்திய ஓகஸ்ட் வரை வந்த நூல்களையே எடுக்கிறார்கள், ஆகவே அறிவிக்கும்போது மெல்லட்டைப் பிரதிகள் புழக்கத்தில் இருக்கும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் கொழும்புப் புத்தகக் கண்காட்சி. இடையில் மூன்று மாதம், கடைக்காரரிடம் சொல்லி வைக்கத் தாராளம். கார்னகிப் பட்டியலில் எட்டு வயதுக்குரியதும் இருக்கும், பார்த்து எடுங்கள்.

தமிழ்? இங்கே நிலைமை மெலிவு. சிறுவர் நூல் இருக்கிறது, பெரியவர் நாவல் இருக்கிறது, பதினான்கு வயதுக்கு என்று கடைகளில் தனி அடுக்கு காண்பது அரிது. பாரதி புத்தகாலயத்தின் புக் டே தளத்தில் சிறார், இளையோர் நூல் மதிப்புரைகள் வருகின்றன. ஈழத்துப் பழைய நூல்களுக்கு 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற மின்னூலகத் தளம். இந்தியாவின் சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்துக்குக் கொடுக்கும் பால சாகித்திய புரஸ்கார் பட்டியலையும் பாருங்கள். யுவ புரஸ்காரை இளையோர் நூல் விருதென்று நினைத்துப் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள், அது 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு, நூல் யாருக்கானதாகவும் இருக்கலாம். குட்ரீட்ஸில் தமிழ் நூலைத் தேடும்போது தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு முறை தேடுங்கள், ஒரே நூலுக்கு இரண்டு பக்கம் இருப்பது சாதாரணம்.

கடைக்கு வட்ஸ்அப்பில் கேட்கும்போது அட்டைப்படத்தை மட்டும் அனுப்பாதீர்கள், அமெரிக்க அட்டை வேறு, பிரித்தானிய அட்டை வேறு. பிரித்தானியப் பதிப்பின் 13 இலக்க ஐ.எஸ்.பி.என்., பதிப்பகத்தின் பெயர், மெல்லட்டையா கெட்டியா என்ற மூன்றையும் எழுதுங்கள். 978-93 என்று தொடங்கினால் இந்தியப் பதிப்பு, 978-955 அல்லது 978-624 என்றால் இலங்கைப் பதிப்பு. தமிழ் நூலென்றால் பூபாலசிங்கம் புத்தகசாலையில் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேட்பதுதான் இன்னும் வேகமான வழி.