கார்ல்ஸ்பாட் காணொளிப் பாடம்: வெள்ளைக்கு விருந்து, கறுப்புக்கு அரை வயிறு

மாலையில் என் வீட்டு முன்னறையில் ஆறு பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்காகவே 1,800 ரூபாய் கட்டி, குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட் என்ற தொடக்க ஆட்டமுறையில், சிப்பாய்களை மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன் என்ற கிளை பற்றிய இந்த ஏழு மணி நேரப் பாடத்தை வாங்கினேன். இரண்டு மாதம் பலகையில் வைத்துப் பழகிய பிறகு எழுதுகிறேன்.

நகர்வுகளை மனப்பாடம் செய்யச் சொல்லாததே இதன் பெரிய சிறப்பு. வெள்ளையின் சி வரிசைச் சிப்பாய் டி5 கட்டத்தில் வெட்டுகிறது, கறுப்பு இ வரிசைச் சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. ஆட்டத்தின் எலும்புக்கூடு அங்கேயே அமைந்துவிடுகிறது. 1923-இல் கார்ல்ஸ்பாட் நகரில் நடந்த போட்டியால் பெயர் பெற்ற அமைப்பு இது. ராணிப் பக்கத்தில், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் ராணி நிற்கும் பாதியின் ஓரத்தில், வெள்ளைக்கு இரண்டு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. "குறைவாக இருப்பவர் ஏன் மிஸ் அங்கே போய்ச் சண்டை போட வேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்காத ஆண்டில்லை. ஆசிரியர் அதை அழகாக விளக்குகிறார். பி சிப்பாய் பி5 வரை ஏறி சி6-இல் வெட்டுகிறது. கறுப்பு பி சிப்பாயால் திருப்பி வெட்டினால், சி6-இல் நிற்பதைக் காக்க வேறு சிப்பாய் கிடையாது. எதிரே பாதி திறந்த வரிசையில் வெள்ளை யானைகள். மாறாக, கறுப்பு முந்திக்கொண்டு பி5-இல் வெட்டினால் டி5 தனித்துப்போகும். இதுதான் மைனாரிட்டி அட்டாக், குறைவான சிப்பாய்களால் அதிகமானவற்றைத் தாக்குவது.

அதைவிட எனக்குப் பிடித்தது 1952-இல் மாஸ்கோவில் நடந்த சோவியத் கிராண்ட்மாஸ்டர்கள் போட்வின்னிக்–கெரஸ் ஆட்டத்துக்கான பாடம். குதிரையை எஃப்3-க்குப் பதிலாக இ2-இல் வைத்து, பிறகு சிப்பாய்களை எஃப்3, இ4 என்று தள்ளி நடுப்பலகையில் ஏறும் திட்டம். நாற்பது நிமிடமும் நான் எழுந்திருக்கவில்லை. ஒலி, படம் இரண்டிலும் குறையில்லை.

என் மனத்தாங்கல் கறுப்பைப் பற்றியது. அதற்கு மொத்தம் இருபது நிமிடம்தான். என் மாணவி ஒருத்தி, பதினொரு வயது, ஒரு போட்டியில் வெள்ளையில் பி5 வரை பிசகில்லாமல் ஆடினாள். சி6 சிப்பாயைச் சுற்றி வளைத்தபோது கறுப்புக் குதிரை இ4-இல் வந்து உட்கார்ந்தது. கறுப்பு யானை இ6 வழியாக ஜி6-க்குப் போனது. அவளுடைய ராஜா சிக்கினார். "பாடத்தில் சொன்னபடிதானே ஆடினேன் மிஸ்?" என்று கண்கலங்கி நின்றாள். உண்மைதான். ராணிப் பக்கத்தில் சிப்பாய் தள்ளும் நேரமெல்லாம் ராஜா பக்கத்தில் எதிரிக்குக் கிடைக்கும் நேரம் என்று ஆசிரியர் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளை பி4 ஆடியதும் கறுப்பு பி5 ஆடிப் பூட்டுவதும், பி6 குதிரை சி4-இல் அமர்ந்து சி6-இன் பலவீனத்தை மறைப்பதும் இரண்டே வரியில் முடிந்துவிடுகின்றன.

வெள்ளையில் முதல் நகர்வாக டி4 ஆடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். கறுப்புக்காக வாங்க நினைப்பவர்கள் பணத்தை வைத்திருங்கள். நான் இப்போது சனிக்கிழமைகளில் இதே நிலையைப் பலகையில் வைத்து, அந்தச் சிறுமியைக் கறுப்புப் பக்கம் உட்காரவைக்கிறேன்.